ஆறடி நிலத்தின் பட்டா

எங்கள் கிராமத்து வீட்டின் பட்டா இன்றைக்கும் என் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. பாட்டனார் காலமாகி முப்பத்தைந்து வருஷங்கள் ஆகின்றன. அவருக்குப் பின் என் தகப்பனாரும் போய்விட்டார். ஊரார் கணக்கில் இருவரும் இல்லை. ஆனால் சர்க்கார் கணக்கில் பாட்டனார் மட்டும் சிரஞ்சீவியாக இருந்துகொண்டு, அந்த வீட்டின் ஓடுகளையும் புழக்கடைக் கிணற்றையும் ஆண்டு அனுபவித்து வருகிறார்.

போன மாதம் இந்தக் காரியத்தை முடித்துவிடலாம் என்று தாலுகா ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா நல்ல மனிதர். கணக்கைப் பார்த்துவிட்டு, பாட்டனார் பெயருக்குக் கீழே விரலை வைத்து, "இவருக்கு வாரிசுகள் யார் யார்? எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமே!" என்றார். வாரிசுகள் ஐந்து பேர். நால்வர் சரி என்றார்கள். நாகபுரியில் இருக்கும் அத்தை மட்டும் டெலிபோனில், "ஏண்டா, அப்பா பேர் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே! உனக்கு அதனால் என்ன கஷ்டம்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தை கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. ஒரு மனிதருடைய பெயர் உலகத்தில் கடைசியாகத் தங்கியிருக்கும் இடம் ஒரு பதிவேடுதான் என்றால், அதை அங்கிருந்து அழிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 190 வருஷங்களாக அல்லாடி வரும் ஓர் இடம் லண்டன் மாநகரத்தின் வடபகுதியில் இருக்கிறது. ஹைகேட் கல்லறைத் தோட்டம் என்று அதற்குப் பெயர். நான் நேரில் பார்த்தவனல்ல. ஒரு நாவலுக்குக் குறிப்புத் தேடப் போய், நாவலை மறந்து, அந்தத் தோட்டத்திலேயே பல நாட்கள் உலவிக் கொண்டிருந்தேன். நேயர்களையும் கொஞ்ச நேரம் அங்கே அழைத்துச் செல்லலாம் என்று ஆசை.

சாம்பலை ஆற்றிலே கரைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்கிற குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு, 'செத்தவனுக்கு எதற்கையா பட்டாவும் பத்திரமும்?' என்று தோன்றும். லண்டன் ஜனங்களுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஊருக்கு ஒரு மாதாகோயில். கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் நிலம். இறந்தவரை அங்கே புதைத்தார்கள். இடம் போதாவிட்டால் பழைய குழியையே மறுபடி தோண்டினார்கள். யாருடைய குழி என்று கேட்பாரில்லை.

ஆனால் 1801இல் சுமார் 10 லட்சம் ஜனங்கள் இருந்த லண்டன், 1851இல் 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. உயிரோடிருப்பவர்கள் பெருகினால் இறப்பவர்களும் பெருகத்தானே வேண்டும்? கோயில் நிலமோ ஓர் அங்குலம்கூட வளரவில்லை. நேற்றுப் புதைத்தவரை இன்று கிளறி, இன்றைக்கு வந்தவருக்கு இடம் பண்ண வேண்டியதாயிற்று. ஜார்ஜ் வாக்கர் என்ற வைத்தியர் இந்தக் கோரங்களையெல்லாம் நேரில் பார்த்து 1839இல் ஒரு புத்தகமே எழுதினார். மண்ணுக்குள் போன பிறகும் நிம்மதி இல்லை என்ற பயம் லண்டன்வாசிகளைப் பிடித்துக்கொண்டது.

பயம் இருக்கிற இடத்தில் வியாபாரம் வராமல் போகுமா? கம்பெனிகள் தோன்றின. 1833இல் கென்சல் கிரீன் என்ற இடத்தில் முதல் தோட்டம் திறக்கப்பட்டது. 1836இல் பார்லிமெண்டில் தனிச் சட்டம் நிறைவேற்றிக்கொண்டு 'லண்டன் கல்லறைக் கம்பெனி' புறப்பட்டது. ஸ்டீபன் கியரி என்ற கட்டடக் கலைஞர் அதற்கு மூலபுருஷர். ஹைகேட் குன்றின் சரிவிலே 17 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். பழைய தேவதாரு மரம் ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் வட்டமாகக் கல்லறை அறைகள் கட்டினார்கள். எகிப்து தேசத்துப் பாணியிலே ஒரு வாசல் எழுப்பினார்கள். 1839ஆம் வருஷம் மே மாதம் 20ந் தேதி லண்டன் பிஷப் வந்து நிலத்தைப் புனிதப்படுத்தினார். அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்களுக்கென்று 2 ஏக்கரைத் தனியாக ஒதுக்கினார்கள். அதே மாதம் 26ந் தேதி, சோஹோ பகுதியைச் சேர்ந்த எலிசபெத் ஜாக்ஸன் என்ற 36 வயது ஸ்திரீயை அடக்கம் செய்தார்கள். பதிவேட்டின் முதல் வரி அவள் பெயர்தான்.

இந்தக் கம்பெனி எதை விற்றது தெரியுமா? நிலத்தை என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நிலம் கம்பெனிக்கே சொந்தம். விற்றது, 'இந்த இடத்தில் இன்னாரைத் தவிர வேறு யாரையும் புதைக்கக் கூடாது' என்ற பாத்தியதையை. அதைச் சில காலத்துக்கும் வாங்கலாம், என்றென்றைக்கும் வாங்கலாம். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் எல்லோரும் என்றென்றைக்கும் என்றே வாங்கினார்கள். பணம் கட்டியதும் ஒரு பத்திரம் கிடைக்கும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் குடும்பத்தின் கடைசி விலாசம்.

1847இல் பார்லிமெண்டு கல்லறைத் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு சட்டம் செய்தது. கதை எழுதுகிறவன் படித்து ரசிக்க வேண்டிய சட்டம் அது. தோட்டத்துக்கு ஒரு வரைபடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லறைக்கும் அதில் எண் இருக்க வேண்டும். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒரு கணக்கு. பாத்தியதை யாருக்கு விற்கப்பட்டது என்று இன்னொரு கணக்கு. அந்தப் பாத்தியதையை உயிரோடிருக்கும்போது பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம். உயில் எழுதியும் வைக்கலாம். ஆனால் மாற்றியதைக் கம்பெனியின் ரிஜிஸ்தரில் பதிய வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் சமர்த்தர்கள். யார், யாருடையது, எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை எழுதி வைத்துவிட்டார்கள். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பிரயோஜனமில்லை. எண் தெரியாத பெயரும் பெயர் தெரியாத எண்ணும் ஒன்றுதானே?

ஏழைகளுக்கு இந்தப் பத்திரமெல்லாம் கிடையாது. பொதுக் குழி என்று ஆழமாக வெட்டி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலரை ஒருவர்மேல் ஒருவராக அடக்கம் செய்வார்கள். மேலே கல் கிடையாது, பெயர் கிடையாது. ஆனாலும் அடக்கக் கணக்கில் அவர்களுக்கும் ஒரு வரி உண்டு. பளிங்கு மண்டபம் கட்டிக்கொண்ட பிரபுவுக்கும் அதே அகலத்தில் ஒரு வரிதான்! மண்ணுக்கு மேலே இருந்த ஏற்றத்தாழ்வு அந்தப் பக்கத்தில் மட்டும் இல்லை.

இனி, இந்த ரிஜிஸ்தர்களுக்குள் புகுந்து புறப்பட்ட மூன்று கதைகளைச் சொல்கிறேன். மூன்றும் நடந்தவை.

முதலாவது, ஒரு கவிஞன் கதை. டாண்டே கேப்ரியல் ரோஸெட்டி ஓவியனும் கவிஞனுமாக இருந்தவன். அவன் மனைவி எலிசபெத் சிடால் 1862 பிப்ரவரியில், தூக்கத்துக்காகக் குடிக்கும் அபின் மருந்து மிஞ்சிப்போய் இறந்தாள். ஹைகேட்டில் ரோஸெட்டி குடும்பத்துக்குக் கல்லறை இருந்தது. அவன் தகப்பனாரை 1854இல் அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். துக்கத்தில் நிலைகுலைந்த ரோஸெட்டி, தன் கவிதைகள் எழுதிய நோட்டுப் புத்தகத்தை மனைவியின் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டான். வேறு நகல் இல்லாத கவிதைகளும் அதில் இருந்தன. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

ஏழு வருஷங்கள் சென்றன. கண்ணீர் காய்ந்துவிட்டது, கவிதைகள் மட்டும் ஞாபகம் வந்துகொண்டிருந்தன. புத்தகம் போட வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆனால் கல்லறையைத் திறப்பது லேசான காரியமா? 1857ஆம் வருஷத்துச் சட்டப்படி உள்துறை மந்திரியின் உத்தரவு வேண்டும். அத்துடன் கல்லறைக்கு உரியவரின் சம்மதமும் வேண்டுமல்லவா? இங்கேதான் சங்கடம். கல்லறை அவன் பெயரில் இல்லை. அவன் தாயார் பெயரில் இருந்தது. தெய்வபக்தி மிகுந்த அந்த அம்மாளிடம் போய், 'உங்கள் மருமகளைத் தோண்டி எடுக்கப் போகிறேன்' என்று எந்த மகன் சொல்வான்? அப்போது உள்துறை மந்திரியாக இருந்த ஹென்றி புரூஸ் ரோஸெட்டிக்குத் தெரிந்தவர். தாயாரைக் கேட்காமலே உத்தரவு கிடைத்துவிட்டது.

1869 அக்டோபரில் ஓர் இரவு, தீ மூட்டி வைத்துக்கொண்டு கல்லறையைத் திறந்தார்கள். ரோஸெட்டி போகவில்லை, நண்பர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தான். நோட்டுப் புத்தகம் கிடைத்தது. ஒரு கவிதையின் நடுவே புழு துளைத்திருந்தது. மருந்து தெளித்து, உலர்த்தி, நகலெடுத்து, 1870இல் புத்தகம் வெளிவந்தது. பெயரும் கிடைத்தது. ஆனால் தன்னை ஹைகேட்டில் மட்டும் புதைக்கக் கூடாது என்று ரோஸெட்டி சொல்லிவிட்டான். 1882இல் அவன் இறந்தபோது கென்ட் மாகாணத்துக் கடலோர ஊர் ஒன்றில் தனியாகப் புதைத்தார்கள். தாயாரும், பெயர்பெற்ற கவியாகிய தங்கை கிறிஸ்டினாவும் பின்னால் அந்தக் குடும்பக் கல்லறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ரிஜிஸ்தரில் உள்ள பெயரை ஒரு முறை மதிக்காமல் போனவனுக்கு, அந்த வாசலை மறுபடி மிதிக்கத் தைரியமில்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கதை இதற்கு நேர் எதிர். இங்கே கல்லறைக்கு உரியவர், 'திறக்கவே விடமாட்டேன்' என்று பிடிவாதமாக நின்றவர்.

லண்டன் பேக்கர் தெருவில் பெரிய கடை வைத்திருந்தவர் தாமஸ் சார்லஸ் துரூஸ். 1864 டிசம்பர் 28ந் தேதி இறந்தார், ஹைகேட்டில் அடக்கமானார். ரிஜிஸ்தரிலும் பதிவாயிற்று. முப்பது வருஷங்களுக்கு மேல் சென்று, 1898இல் அவருடைய மருமகள்களில் ஒருத்தியான ஆன்னா மரியா கோர்ட்டுக்கு வந்து ஒரு குண்டைப் போட்டாள். 'என் மாமனார் சாகவேயில்லை. அவர்தான் ஐந்தாவது போர்ட்லண்ட் பிரபு. கடைக்காரர் வேஷம் சலித்துப் போனதும், பெட்டிக்குள் ஈயத்தை நிரப்பிப் புதைத்துவிட்டுத் தம் மாளிகைக்குத் திரும்பிவிட்டார். ஆகையால் அந்தச் சொத்தெல்லாம் என் மகனுக்குச் சேர வேண்டும்' என்றாள்.

அந்தப் பிரபு நிஜமாகவே விசித்திரப் பிறவி. யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தவர். தம் மாளிகையைச் சுற்றிப் பூமிக்கடியிலே சுரங்கப்பாதைகள் வெட்டிக்கொண்டவர். கல்யாணம் செய்துகொள்ளாமலே 1879இல் இறந்தார். ஆகையால் ஜனங்களில் பாதிப்பேர் கதையை நம்பிவிட்டார்கள். 'பெட்டியைத் திறந்து பார்த்தால் தீர்ந்தது!' என்று ஊரே கூச்சல் போட்டது.

ஆனால் துரூஸின் மகன் ஹெர்பர்ட் சம்மதிக்கவில்லை. 'என் தகப்பனார் இறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வதந்திக்காக அவரைத் தோண்ட வேண்டுமா?' என்பது அவர் கட்சி. வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்கு நடந்தது. ஆன்னா மரியா கடைசியில் சித்தம் கலங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அதன் பின் ஆஸ்திரேலியாவிலிருந்து துரூஸின் பேரன் ஒருவன் வந்து சேர்ந்தான். வழக்குச் செலவுக்காகக் கம்பெனி ஆரம்பித்துப் பங்குகள்கூட விற்றான்! ஒரு பிரேதத்தின் இல்லாமையை நம்பி ஜனங்கள் பணம் போட்டார்கள். ஹெர்பர்ட் பொய்ச் சத்தியம் செய்தார் என்று வழக்குப் போட்டபோது அவரும் மனம் மாறினார். 1907 டிசம்பர் 30ந் தேதி, கல்லறைக்கு மேல் கொட்டகை போட்டு, போலீஸ் காவலோடு பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஈயம் இல்லை. தாடி வைத்த ஒரு முதியவரின் உடல் இருந்தது. அதோடு வழக்கு விழுந்தது. பொய்ச்சாட்சி சொன்னவர்கள் தண்டனை அடைந்தார்கள்.

ரிஜிஸ்தரை நம்பாமல் மண்ணைத் தோண்டினார்கள். 43 வருஷங்களுக்கு முன்பு ரிஜிஸ்தர் என்ன சொல்லியிருந்ததோ, அதையேதான் மண்ணும் சொல்லிற்று.

மூன்றாவது கதையில் வருகிறவரை எல்லோருக்கும் தெரியும். 1881 டிசம்பரில் கார்ல் மார்க்ஸின் மனைவி ஜென்னி இறந்தபோது, ஹைகேட்டின் கிழக்குப் பகுதியில், புனிதப்படுத்தப்படாத நிலத்திலே அடக்கம் செய்தார்கள். 1883 மார்ச் 17ந் தேதி மார்க்ஸும் அங்கேயே வந்து சேர்ந்தார். வந்திருந்தவர்கள் ஒரு டஜன் பேர்கூடத் தேறமாட்டார்கள். அதே மாதம் அவருடைய சின்னஞ்சிறு பேரன் ஒருவனும், 1890இல் அந்த வீட்டில் பல வருஷங்கள் உழைத்த ஹெலன் டெமுத் என்ற பணிப்பெண்ணும் அதே குழியில் இடம் பெற்றார்கள். ஒரு வீட்டுக் குடித்தனம் முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

உலகத்தின் ஒரு பகுதி அவர் பெயரைச் சொல்லி ஆளப்பட்ட காலத்திலும், ஹைகேட்டிலே அது ஒற்றையடிப் பாதைக்கும் எட்டாத மூலையில் கிடந்த சாதாரணக் கல்தான். வந்தவர்கள் தேடி அலைந்தார்கள். கடைசியில் சந்ததியாரின் சம்மதமும் சர்க்காரின் உத்தரவும் பெற்று, 1954 நவம்பரில், பெருவழிக்கு அருகே வேறோர் இடத்துக்கு எல்லோரையும் மாற்றினார்கள். இப்போது படங்களில் காணும் அந்தப் பிரம்மாண்டமான வெண்கலத் தலையைச் செதுக்கியவர் லாரன்ஸ் பிராட்ஷா. 1956 மார்ச் 14ந் தேதி அது திறக்கப்பட்டது. தனியுடைமை கூடாது என்று உபதேசித்தவரை இரண்டடி நகர்த்துவதற்கும், தனியுடைமைப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. அந்தக் கணக்கு ஒழுங்காக இருந்ததனால்தான் மனைவியும் பேரனும் பணிப்பெண்ணும் வழிதவறிப் போகாமல் அவரோடு சேர்ந்து புது இடத்துக்கு வந்தார்கள்.

மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இறந்தவருக்கு வாய் இல்லை. அவருக்காக 'சரி' என்றோ 'கூடாது' என்றோ சொல்ல உயிரோடு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்வதுதான் ரிஜிஸ்தர்.

அந்த ஒருவர் இல்லாமல் போனால்? ஹைகேட்டுக்கு நேர்ந்ததும் அதுதான். கம்பெனி 'என்றென்றைக்கும்' என்று விற்றுவிட்டது. பணம் வந்தது ஒரு முறை. காவலும் பராமரிப்பும் வருஷந்தோறும். நிலம் நிரம்ப நிரம்ப, விற்பதற்கு இடம் இல்லை. இரண்டு யுத்தங்கள் வந்தன. தோட்டக்காரர்கள் போனார்கள், மரங்கள் தாமாக முளைத்துக் கற்களைப் பெயர்த்தன. 1960இல் கம்பெனி தள்ளாடி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. 1975இல் மேற்குப் பகுதியின் கதவை அடைத்துவிட்டார்கள். சுமார் 1,70,000 பேர், 53,000 கல்லறைகளில், காட்டுக்குள்ளே காணாமல் போனார்கள் என்றே சொல்லலாம்.

அதே 1975இல் அக்கம்பக்கத்தார் சிலர் 'ஹைகேட் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் கூடினார்கள். காட்டை வெட்டினார்கள், 1981இல் நிலமும் அவர்கள் கைக்கு வந்தது. கல் மூடிக் கிடந்தாலும், எண்ணும் வரைபடமும் இருந்தால் கல்லறையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் உரியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்திரம் வாங்கிய பாட்டனார் போய்விட்டார். மகன் பதியவில்லை, பேரனுக்குத் தெரியாது, கொள்ளுப்பேரன் கனடாவில் இருக்கிறானோ, கேப் டவுனில் இருக்கிறானோ! நூறு வருஷத்துக்கு முன் இறந்தவரே ரிஜிஸ்தரில் இன்னும் உரிமையாளராக வீற்றிருக்கிறார். தாலுகா ஆபீஸில் என் பாட்டனார் வீற்றிருப்பதுபோல!

இதற்காகத்தான் 2022இல் பார்லிமெண்டு ஹைகேட்டுக்கென்று தனிச் சட்டம் ஒன்று செய்தது. 75 வருஷங்களாக யாரும் புதைக்கப்படாத கல்லறையின் பழைய பாத்தியதையை, உரிய அறிவிப்புக் கொடுத்து, ரத்து செய்யலாம். அங்கே இருப்பவரை மரியாதையோடு இன்னும் ஆழத்தில் வைத்து, புதியவருக்கு இடம் கொடுக்கலாம். அறிவிப்பைப் பத்திரிகையிலும் வாசலிலும் போட வேண்டும். ரிஜிஸ்தரில் உள்ள உரிமையாளருக்கு, அவருடைய கடைசி விலாசத்துக்குக் கடிதமும் எழுத வேண்டும். உறவினர்கள் ஆட்சேபிக்கலாம். ரிஜிஸ்தரில் பெயருள்ள உரிமையாளரே ஆட்சேபித்துவிட்டால், அந்தக் கல்லறையின் பாத்தியதையில் கை வைக்கக் கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கடிதம்தான் கண்ணில் நின்றது. விக்டோரியா மகாராணி காலத்து விலாசம். அந்தத் தெருவே இன்று இருக்கிறதோ என்னவோ! கதவைத் தட்டுகிறான் தபால்காரன். உள்ளே அந்தப் பெயருடையவர் யாரும் இல்லை. கடிதம் திரும்பி வருகிறது. 'என்றென்றைக்கும்' என்று முத்திரை குத்திக் கொடுத்த பாத்தியதை, பதில் எழுத ஒருவர் இல்லாத குறையினால் முடிந்து போகிறது. அதே வரிசையில் பக்கத்துக் கல்லறைக்கு உரிய குடும்பம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் போய்ப் பெயரை மாற்றிப் பதிந்து வந்திருந்தால், அவர்கள் எழுதும் ஒரு வரி போதும். அங்கே உறங்குபவர் அப்படியே உறங்கலாம்.

சட்டத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. இன்று இறப்பவருக்கும் இடம் வேண்டும். தோட்டம் நடக்கப் பணமும் வேண்டும். பழைய கோயில் நிலங்களில் கேள்விமுறை இல்லாமல் கிளறியதற்கும், கேட்டு, காத்திருந்து, எழுதி வைத்துக்கொண்டு செய்வதற்கும் உள்ள தூரம் பெரிது.

அன்று இரவே அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஹைகேட் கதையை எல்லாம் எழுதிவிட்டு, முடிவில் இப்படிச் சேர்த்தேன்: "தாத்தா பெயரை அங்கேயே விட்டுவைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறாய், அத்தை. அவருக்குப் பின் இன்னார் என்று ஒரு பெயரும் எழுதாமல் விட்ட இடம்தான் முதலில் கைமாறும். நம் பெயர் அவர் பெயருக்குக் கீழே வந்தால்தான், அவர் யாருக்குப் பாட்டனார் என்பது நாளைக்குத் தெரியும்."

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு, நடுங்கும் எழுத்தில் நாலு வரிகள். பட்டாவை மாற்றிக்கொள்ளலாமாம். ஆனால் மாற்றுவதற்கு முன், அப்பா பெயர் உள்ள பழைய கணக்குக்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்கித் தனக்கு அனுப்பிவிட வேண்டுமாம்.

நாளைக் காலையில் அந்த நகலுக்காகத்தான் தாலுகா ஆபீஸுக்குப் போகப் போகிறேன்.